குளிர் குடித்த பெட்ரோல்

யாகுட்ஸ்க்,
ஜனவரி, செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

என் அன்பு மகள் நாரியானாவுக்கு அம்மா அகுலினா எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்ல, கையும் காலும் சொன்னபடி கேக்குது, கண்ணு தெரியுது, புத்தியும் இருக்கவேண்டிய இடத்துலதான் இருக்கு. இதை முதல்லயே எழுதிடறேன், ஏன்னா நீ அதைத்தான் தேடுவே. அங்கே தெற்கே க்ராஸ்நோதார்ல நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருப்பீங்க, ஜன்னலைக்கூடத் திறந்து வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். போன்ல பேசாம எதுக்குக் காகிதத்துல எழுதறேன்னு கேக்காதே. போன்ல நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நீ பத்து வார்த்தை சொல்லிடறே, அப்புறம் ஆபீஸ்ல கூப்பிடறாங்கன்னு வெச்சிடறே. காகிதத்துல நீ குறுக்கே பேச முடியாது. அதனால முழுசாப் படி. பாதியில நிறுத்திட்டு மாப்பிள்ளைகிட்ட கொடுத்து, நீங்களே பாருங்கன்னு சொல்லாதே.

போன ஞாயித்துக்கிழமை நீ பேசினியே, அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். அம்மா பயப்படாதே, அம்மா ஒண்ணும் இல்ல, அம்மா நாங்க பாத்துக்கறோம்னு, பால்குடிக்கிற பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னே. வண்டியை வித்துடணும், வீட்டைப் பூட்டிட்டு வசந்தத்துல ஆத்துப் பனி உடையறதுக்கு முன்னால அங்கே வந்துடணும், ஞாபகத்துக்குப் பார்க்கிற டாக்டர் ஒருத்தரை மாப்பிள்ளை விசாரிச்சு வெச்சிருக்காருன்னு எல்லாம் முடிவு பண்ணிட்டீங்க. இதெல்லாம் யார் மூட்டிவிட்ட வேலைன்னு எனக்குத் தெரியாதா, உன் ஃபெக்லா அத்தைதான். உங்க அப்பாவோட தங்கச்சி, நல்ல மனசுக்காரி, சந்தையில மீன் விக்கிற நேரம் போக மீதி நேரத்துல என்னைத்தான் விக்கிறா. என் மேல ரெண்டு குற்றம் சொல்லியிருக்கா. ஒண்ணு, நான் அளவுக்கு மீறிப் பெட்ரோல் போடறேன், அதனால எங்கேயோ சுத்திட்டு வந்து சுத்தினதையே மறந்துடறேன். ரெண்டு, அடுத்தவங்க வண்டியை என் வண்டின்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன், அதுலயும் ஒரு ஆளு பக்கத்துல உக்காந்திருக்கறதே தெரியாம. ரெண்டுக்கும் பதில் எழுதறேன், படிச்சிட்டு நீயே சொல்லு.

முதல்ல பெட்ரோல். அங்கே போயி ஒன்பது குளிர்காலம் ஆச்சு உனக்கு, குளிர்னா என்னன்னு மறந்து போச்சு, மறதி யாருக்குன்னு பாரு. உன் வண்டி அங்கே நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கும். இங்கே என் வண்டியும் ஜூலை மாசத்துல அப்படித்தான் குடிக்குது, நல்ல பிள்ளையா. ஜனவரியில அதே வண்டி ரெண்டு மடங்கு குடிக்கும், அதுக்கு மேலயும் கேக்கும். எஞ்சின் ஆயில் உறைஞ்ச தேன் மாதிரி ஆயிடுது, அதுக்குள்ள எஞ்சின் சுத்தறதுக்கே பாதி உயிர் போகுது. ராத்திரி முழுக்க நின்னதுல டயரோட அடிப்பக்கம் தட்டையா இறுகிப்போயி முதல் ரெண்டு தெரு வரைக்கும் தடக்கு தடக்குன்னு கட்டைவண்டியில போற மாதிரி இருக்கு. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலை அள்ளி ஊத்தினாத்தான் பத்தும், அது சூடாகறதுக்குள்ள நான் போகவேண்டிய இடம் வந்துடும், திரும்பி வரும்போதும் அதே கதை. போற இடத்துல எஞ்சினை அணைக்கவும் முடியாது, அணைச்சா அப்புறம் அந்த வண்டி மே மாசம்தான் எழுந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மணி நேரம் நின்னா ஒரு மணி நேரமும் ஓடிக்கிட்டே நிக்கும். ராத்திரியில, உறையாம இருக்க மாட்டியிருக்கிற கருவியால, அதுவா உறுமிக்கிட்டு எழுந்து கால் மணி நேரம் ஓடிட்டு அடங்கும், மறுபடி எழுந்திருக்கும். நான் படுக்கையில இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கிடப்பேன், வீட்டுல வேற சத்தமும் கிடையாதே. ஆக, ஓடின தூரத்துக்குப் பாதிப் பெட்ரோல்னா நின்ன இடத்துக்குப் பாதி. இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரணுமா, லாரிக்காரன் பொண்ணு நீ. கடைசி அஞ்சு வருஷம் கால் விழுந்தப்புறம் உங்க அப்பா இடது பக்க சீட்ல உக்காந்து, மிதிக்காதே அகுலினா, குடிக்குது பாரு அகுலினான்னு என் உயிரை வாங்கினதை லீவுக்கு வந்தப்ப நீயும் பின்னால உக்காந்து கேட்டிருக்கியே. அதனால ஃபெக்லாகிட்ட சொல்லு, நான் எங்கேயும் சுத்தல, சுத்தறதுக்கு எனக்கு யாரு இருக்கா. எல்லாம் குளிர் குடிச்சது.

இப்ப ரெண்டாவது குற்றம். அன்னிக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு, நாலஞ்சு நாளா பனிமூட்டம் விலகவே இல்ல, மனுசங்க மூச்சும் வண்டிங்க புகையும் சேர்ந்து தெருவை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. காலையிலதான் டேங்கை நிறைச்சிருந்தேன். சந்தைக்குப் போயி, வழக்கம்போல எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சாவியை வண்டியிலயே விட்டு, இன்னொரு சாவியால கதவைப் பூட்டிட்டு உள்ளே போனேன். தட்டு மாதிரி உறைய வெச்ச பால் ரெண்டு கட்டி வாங்கினேன், ஃபெக்லா கடையில ஒரு பெரிய மீன் வாங்கினேன், விறகு மாதிரி தோள்ல சாத்திக்கிட்டு வந்தேன். வெளியே வந்தா வரிசையா வண்டிங்க, எல்லாம் வெள்ளை ஜப்பான் வண்டி, எல்லாத்துக்கும் மூக்கு மேல கம்பளி, கண்ணாடி பூரா வெள்ளையாப் பூத்துக் கிடக்கு, நம்பர் பலகை இருந்த இடமே தெரியல. எல்லாம் புகையைக் கக்கிக்கிட்டு நிக்குது. என்னுது கடைசியில இருந்து மூணாவதுன்னு ஞாபகம் வெச்சிருந்தேன், ஞாபகம் சரிதான், ஆனா நான் உள்ளே இருந்த நேரத்துல கடைசியில நின்ன ஒருத்தன் கிளம்பிப் போயிட்டான், வரிசை மாறிப் போச்சு. கை ரெண்டும் நிறைய சாமான், சாவியை எடுக்கறதுக்கு முன்னால கதவை இழுத்தேன், திறந்துக்கிச்சு, பூட்டாம போயிட்டேன்போலன்னு நெனைச்சேன். மீனைப் பின்னால போட்டுட்டு முன்னால ஏறினேன். பக்கத்து சீட்ல நான் எப்பவும் என் ஆட்டுத்தோல் கோட்டையும் பழைய கம்பளியையும் குவிச்சு வெச்சிருப்பேன், அங்கேயும் ஒரு குவியல் இருந்துச்சு.

ஏறி உக்காந்து பார்த்தா பெட்ரோல் முள்ளு கால் டேங்குக்கும் கீழே கிடக்கு. வேற ஊர்க்காரி யாரா இருந்தாலும் அந்த இடத்துலயே, ஐயையோ இது என் வண்டி இல்லன்னு இறங்கியிருப்பா. நான் என்ன பண்ணேன் தெரியுமா, இந்தச் சனியன் பிடிச்ச குளிர் அரை மணி நேரத்துல என் டேங்கையே குடிச்சிடுச்சேன்னு திட்டிக்கிட்டே கியரைப் போட்டேன். குளிர் மேல பழியைப் போட்டுப் போட்டு நமக்கெல்லாம் பழகிப் போச்சு. காணாமப் போன எதையும் இங்கே குளிர்தான் தின்னதுன்னு நெனைக்கிறோம். சரி, மறுபடி போட்டுட்டு வருவோம்னு துறைமுகத்து ரோட்டுல இருக்கிற பெட்ரோல் பங்குப் பக்கம் திருப்பினேன்.

இதுக்கப்புறம் நடந்ததை ஃபெக்லா உனக்கு எப்படிச் சொன்னாளோ அப்படித்தான் நானும் ஊருக்குச் சொன்னேன். அந்தக் குவியல் கோட்டு இல்ல, ப்ரகோபின்னு ஒரு எம்பது வயசுக் கிழவர், ரோமத் தொப்பியும் கழுத்துத் துணியுமா மூக்கு வரைக்கும் மூடிக்கிட்டு நல்லா தூங்கிக்கிட்டு இருந்தாரு, துறைமுகம் வரைக்கும் எனக்குத் தெரியல, அங்கே முழிச்சு நீ யாருன்னு கேட்டாரு, நான் வெலவெலத்துப் போயி வண்டியைத் திருப்பினேன். இதுதான் ஊருக்குச் சொன்ன கதை. திரும்பி வந்தப்ப அவரோட சம்சாரம் மார்ஃபா, ஃபெக்லா கடைக்குப் பின்னால இருக்கிற அடுப்பு ரூம்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. முதல்ல, என் கிழவனை எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்னு சந்தையே கேக்கற மாதிரி கத்தினாங்களாம். ஃபெக்லா போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தாளாம், அதுக்குள்ள மார்ஃபாவுக்குச் சூடு ஆறிப்போயி, விடு, பெட்ரோல் தீர்ந்தா தானா வந்து சேரும்னு சொல்லிட்டாங்களாம். என்னைப் பார்த்ததும் ஏற இறங்கப் பார்த்தாங்க. ஊர்ல இத்தனை நல்ல வண்டி இருக்க உனக்கு இந்தக் கிழவன் இருக்கிற வண்டிதானா கெடைச்சுது, எடுத்தவ எடுத்துட்டே, ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பியிருந்தா நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்னு சொன்னாங்க. சந்தையே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஃபெக்லா மட்டும் சிரிக்கல. மீனை என் வண்டிக்கு மாத்தும்போது என் கையைப் பிடிச்சு, அண்ணி, ஒரு ஆளு பக்கத்துல உக்காந்திருக்கறது உனக்கு அவ்வளவு தூரம் தெரியலையான்னு கேட்டா. தெரியலைன்னு சொன்னேன். அன்னிக்கே உனக்குப் போன் போட்டுட்டா. அவ மேல எனக்குக் கோபம் இல்ல, நான் சொன்ன பொய்யைத்தான் அவ உனக்கு உண்மைன்னு சொல்லியிருக்கா.

ஆமா, பொய்தான். ஃபெக்லாவுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்றேன். அவரு துறைமுகம் வரைக்கும் தூங்கல. முதல் திருப்பத்துலயே டயர் தடக்குன்னதுல முழிச்சிட்டாரு. முழிச்சதும் என்ன சொன்னாரு தெரியுமா, "மெதுவா மிதியேண்டி, பெட்ரோல் என்ன ஆத்துலயா ஓடுது" அப்படின்னாரு. அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சு போச்சு நாரியானா. இது என் வண்டி இல்ல, இது யாரோ ஒரு மனுஷன், என்னைத் தன் பொண்டாட்டின்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு, மூக்குக்கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு அவருக்கு என் மூஞ்சி தெரியல, எல்லாம் ஒரே நொடியில தெரிஞ்சுது. என் புத்தி அவ்வளவு சுறுசுறுப்பா வேலை செஞ்சு நானே பார்த்ததில்ல. பிரேக்குல கால் வெச்சேன். அதுக்குள்ள அவரு அடுத்ததை ஆரம்பிச்சிட்டாரு, ஹீட்டரை எதுக்கு இவ்வளவு வெச்சிருக்கே, பின்கண்ணாடி சூட்டை அணை, அதுவும் பெட்ரோல்தான், பானெட்டுக்கு உள்ளேயும் கம்பளி போடுன்னு அக்டோபர்ல இருந்து சொல்றேன், எவ கேக்கறா, எஞ்சின் சூடாகாம ஓட்டினா டேங்கை வழியில கவிழ்த்துக்கிட்டே போற மாதிரின்னு நிறுத்தாம பேசறாரு. காலை எடுத்துட்டேன். மெதுவா மிதிச்சேன்.

அப்படியே ஓட்டினேன். பெட்ரோல் பங்கு தாண்டிப் போச்சு, தெரிஞ்சேதான் தாண்டினேன். முன்னால போற வண்டியோட சிவப்பு விளக்கு ஒண்ணு மட்டும் தெரியுது, வெளியே உலகமே இல்ல, உள்ளே ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே வர்றாரு. ரெண்டு வருஷமா அந்த சீட்ல யாரும் உக்காந்து என்னைத் திட்டினதில்ல. நீ போன் பண்றே, மாத்திரை போட்டியான்னு கேக்கறே, சாப்பிட்டியான்னு கேக்கறே, ரொம்ப நல்லபடியாப் பேசறே. ஃபெக்லா மீன்ல முள்ளு இல்லாத பக்கமாப் பார்த்து வெட்டித் தர்றா. எல்லாரும் என்கிட்ட நல்லா நடந்துக்கறீங்க. நான் வண்டியை எப்படி ஓட்டறேன்னு கேக்கத்தான் ஒரு ஆளு இல்ல. அந்தக் கிழவர் குரல் உங்க அப்பா குரல் மாதிரி இல்ல, அதையும் சொல்லிடறேன், நீ வேற ஏதாவது நெனைச்சுக்காதே. கீச்சுக் குரல். உங்க அப்பா இவ்வளவு பேசவும் மாட்டாரு. இருந்தாலும் எனக்கு இறங்க மனசு வரல. அங்கே ஐம்பத்திரண்டு டிகிரி குளிர்ல அவரோட சம்சாரம் புருஷனைக் காணாம நின்னுக்கிட்டு இருப்பாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் துறைமுகத்து ரோட்டுல கடைசி வரைக்கும் ஓட்டினேன். அது பாவம்தான், மார்ஃபாவுக்கு ஃபெக்லா டீ கொடுத்து உள்ளே உக்கார வெச்சிருந்ததால என் தலை தப்புச்சு.

எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு கேளு. துறைமுகத்து வளைவுல, வேகமா வளைக்காதே, வளைச்சா அதுக்கும் பெட்ரோல்னாரு. நான் பேசாம இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா, "சரிங்க, மெதுவாவே போறேன்" அப்படின்னேன். அவரு கையுறையைக் கழட்டி, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு என்னைப் பார்த்தாரு. "என் பொண்டாட்டி ஐம்பத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட சரின்னு சொன்னதில்ல. நீ யாரும்மா?" எனக்குச் சிரிப்பும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு. என் பேரைச் சொன்னேன், வண்டி மாறிப் போச்சுன்னு சொன்னேன். எப்ப தெரிஞ்சுதுன்னு கேட்டாரு. அவருகிட்ட பொய் சொல்ல வாய் வரல, முதல் திருப்பத்துலயேன்னு சொன்னேன். திட்டுவாருன்னு பார்த்தேன். வீட்டுல யாரும்மா இருக்காங்கன்னு கேட்டாரு, யாரும் இல்லைங்கன்னேன். தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு ரோட்டைப் பார்த்து உக்காந்துட்டாரு, நான் வண்டியைத் திருப்பினேன். சந்தை கிட்ட வரும்போது, மார்ஃபாகிட்ட நான் வழி பூரா தூங்கிட்டேன்னு சொல்லிடறேன், நீயும் அதையே சொல்லு, அவளுக்குச் சந்தேகப் புத்தின்னாரு. இறங்கும்போது முள்ளைப் பார்த்துட்டு, இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவுதான் இறங்கியிருக்கு, நீ நல்லாத்தான் ஓட்டறேன்னாரு. அந்த வார்த்தையை உங்க அப்பா ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்ல.

இவ்வளவுதான் நடந்தது. இதை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். புத்தி பேதலிச்ச கிழவின்னு ஊர் சொன்னாப் பரவாயில்ல, யாரோ ஒரு கிழவனோட திட்டைக் கேக்க ஆசைப்பட்டுப் போனவன்னு சொன்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சந்தைக்குப் போறதுன்னு இருந்துச்சு. ஆனா நீ டாக்டர் வரைக்கும் போயிட்டே. அவரு மாத்திரை தருவாரு, நானும் விழுங்கணும், இல்லாத நோய்க்கு. அதனாலதான் எழுதறேன். வண்டியை விக்காதே, சொல்லிட்டேன். அது வாசல்ல உறுமி எழுந்திருக்கிற சத்தமும் இல்லைன்னா ராத்திரியில நான் என்னத்தைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன். அங்கே வரச்சொல்லி நீ கூப்பிடறது பாசத்துலதான், தெரியாம இல்ல. ஆனா காலையில நீங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிட்டா, பாஷை தெரிஞ்ச ஊர்லயே ஆளு தெரியாம ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இங்கே இருக்கறது எனக்குப் பழகின தனிமை, அது புதுத் தனிமை. இந்த வயசுல புதுசா ஒண்ணைப் பழக என்னால ஆகாது. ரெண்டு வருஷம் கழிச்சு உண்மையிலேயே கால் விழுந்தா நானே சொல்றேன், அப்ப வந்து தூக்கிட்டுப் போ. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணு மட்டும் செய். போன் பண்ணும்போது மாத்திரையைப் பத்திக் கேக்காதே. நான் வண்டியில இருக்கும்போது கூப்பிடு, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன், எங்கே போறே, எதுக்கு இவ்வளவு வேகமா மிதிக்கறே, எவ்வளவு குடிக்குதுன்னு கேட்டுத் திட்டு. உனக்கு வேலை இருந்தா பேசிட்டே வேலையைப் பாரு, பேசறதுக்கு ஒண்ணும் இல்லைன்னாலும் வெச்சிடாதே.

அந்த டாக்டர்கிட்ட மட்டும் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, என் மாமியாருக்கு மறதி இல்லைன்னு. இருந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும் கண்ணு, உங்க அப்பா போயிட்டாருங்கறதும் அதோட சேர்ந்து மறந்து போயிருக்கும். காலையில வண்டிக்குப் போனதும் நான் இப்பவும் முதல்ல இடது பக்கக் கதவைத்தான் திறக்கறேன், அவரை ஏத்திவிட இல்ல, அவரு இல்லைன்னு தெரிஞ்சேதான் திறக்கறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாம, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டே நூறு வயசு வரைக்கும் இருக்கணும், ஆகாசமும் ஆறும் உங்களைக் காக்கட்டும். அங்கே குளிரே இல்லைன்னு நெனைச்சுக்கிட்டு ஈரத் தலையோட வெளியே போகாதே, அந்த ஊர்க் காத்துதான் நெஞ்சுல இறங்கும். ஃபெக்லாகிட்ட இந்தக் கடிதத்தைப் பத்தி மூச்சு விடாதே.

உன்னையே நெனைச்சுக்கிட்டு இருக்கிற,
அம்மா அகுலினா.